வீட்டுக்காரிக்குப் பிடிக்க வேண்டும்

“எனக்குப் பிடிச்சிருக்கு டாக்டர். ஆனா வீட்டுக்காரிக்குப் பிடிக்கணுமே?”

சொல்லி முடித்த பிறகுதான் லிஃப்ட்காரருக்கு உறைத்தது. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஆயுசு முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்கும் லிஃப்டைப் பழுது பார்த்தே ஓய்வுபெற்ற மெக்கானிக் அவர். “அந்த ஃபிளாட்ல தனியா உக்காந்து என்னப்பா பண்றீங்க? அமைதியான ஊராப் பார்த்துப் போயிடுங்களேன்” என்று மகள் போனில் சொன்னாலும் சொன்னாள், மனிதர் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

கடலோர ஊரில் உப்புக்காற்று கதவுக் கீல்களைத் தின்று தீர்த்திருந்தது. மெக்கானிக் மனசு பொறுக்கவில்லை. மலை ஊரில் பால் வாங்கப் போனால் இறக்கம், வாங்கி வந்தால் ஏற்றம். ஊருக்கே ஒரு லிஃப்ட் போட்டால்தான் சரிப்படும் என்று திரும்பிவிட்டார்.

மூன்றாவது இந்த ஆற்றங்கரை ஊர். ‘வீடு விற்பனைக்கு’ என்று போர்டு தொங்கிய வாசலில் மணி அடித்தார். கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். தனிக்கட்டை. வந்தவர் வாயைத் திறந்தால் பேச்சைக் கவனிப்பாரா, பல்லைக் கவனிப்பாரா என்று சொல்ல முடியாது. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டார், காபி கலந்தார், சாயங்காலம்வரை பேசினார், கிளம்பும்போதுதான் வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

‘உக்காருங்க’ என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பிடிக்கவில்லை என்றால் இனி இங்கே வர வேலையில்லை. பிடித்திருக்கிறது என்றால் டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நடுவில் தொங்குவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

“அதுக்கென்ன, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டர்.

“முழங்கால் வலி. இந்தப் படியெல்லாம் ஏற மாட்டா.”

அடுத்த வாரம் வந்தபோது வாசல் படியைக் காணோம். சாய்தளம் கட்டி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருந்தது.

“அம்மாவுக்காகத்தான்” என்றார் டாக்டர் பெருமையாக.

லிஃப்ட்காரருக்கு வேர்த்துவிட்டது. “ஐயோ, எதுக்கு இதெல்லாம்? அவளுக்கு... இந்தப் பச்சைச் சுவர் வேற ஆகாது.”

அதற்கடுத்த வாரம் வீடு முழுக்க மஞ்சள்.

உண்மையில் அவளுக்குப் பச்சை என்றால் உயிர். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பக்கத்து ஸீட்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

மறுபடி போனார். போகாமல் இருக்க முடியவில்லை.

“இப்ப என்ன சொல்றாங்க அம்மா?”

“சமையலறை இருட்டா இருக்காம்.”

“அவங்க இன்னும் பார்க்கவே இல்லையே?”

“நான்தான் சொன்னேன். சொன்னதும் பிடிச்சுக்கிட்டா.”

“நியாயம்தான். ஜன்னல் வெச்சுட்டாப் போச்சு!”

“அவசரமே இல்ல டாக்டர்!” என்று லிஃப்ட்காரர் பதறியதை யார் கேட்டார்கள்?

அதற்கடுத்த முறை வந்தபோது சமையலறையின் ஒரு பக்கச் சுவர் பாதி இல்லை. புழுதிக்கு நடுவே கொத்தனார் மட்டும் நின்றார். டாக்டர் ஜன்னல் கம்பி பார்க்கக் கடைக்குப் போயிருந்தார்.

லிஃப்ட்காரர் அங்கிருந்த மணல் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். இல்லாத ஒருத்திக்காக ஒரு நல்ல மனுஷனை வீட்டையே இடிக்க வைத்துவிட்டோமே! இன்னும் ஒரு பொய் சொன்னால் கூரையையும் பிரித்துவிடுவார். நடந்தது நடந்துவிட்டது, இனி நேர்மையான வழி ஒன்றுதான். மகளைக் கூப்பிட்டார்.

“இந்த ஊர்தாம்மா. முடிவு பண்ணிட்டேன்.”

“நிஜமாவாப்பா? ஒருவழியா!” என்றாள் மகள். “மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசறேன்.”

போனைப் பையில் போட்டார். அப்புறம் என்றால் எப்போது என்று அவள் சொல்லவில்லை; அவரும் கேட்டதில்லை.

“டாக்டர் எப்ப வருவாரு?” என்று கொத்தனாரைக் கேட்டார்.

“வர்ற நேரந்தான் சார். நீங்க வருவீங்கன்னு காலையிலயே பாலெல்லாம் வாங்கி வெச்சுட்டுத்தான் போனாரு.”

அது இன்னும் சுருக்கென்றது. “வந்ததும் உண்மையைச் சொல்லிடப்போறேன்பா. எனக்கு வீட்டுக்காரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வீட்டை அப்படியே நானே வாங்கிக்கறேன்.”

கொத்தனார் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ சார், வாங்கறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க! அப்படிச் சொன்ன அத்தனை பேரையும் அன்னிக்கே அனுப்பிட்டாரு. யாராவது வந்து பேசிட்டுப் போகட்டும்னு மாட்டின போர்டு சார் அது, புண்ணியமாப் போகும், வேற ஏதாவது பிடிக்கலைன்னு சொல்லுங்க!”