இன்னொரு ராஜபாளையத்தில் போன கை

முன்னாள் சூப்பர்வைசர் அவர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். மெஷினைப் போடுமுன் பின்பக்கம் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது நீங்கள்தான் என்று பழைய தொழிலாளர் கூட்டத்தில் மாலையும் கழுத்துமாகப் பேசியிருக்கிறீர்கள். கொண்டுவந்தவர் அந்தூர் அண்ணாச்சி. அவரைப் போல இன்னொரு மனிதர் இந்த உலகத்தில் கிடையாது. அவரைக் கேட்டால், வேறு உலகத்தில் உண்டு என்பார்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையம் நூல் மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் அவருக்கும் எனக்கும் வேலை. அவர் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். அங்கே நூலகத்தில் ஏதோ அறிவியல் பத்திரிகையைப் படித்துவிட்டார். நாம் ஒன்றைச் செய்தால், அதைச் செய்யாத இன்னொரு நாம் இன்னொரு உலகத்தில் இருக்கிறோமாம். அங்கேயும் ஒரு ராஜபாளையம் உண்டாம். அதற்கு அவர் வைத்த பெயர் ‘அந்த ஊரு’; அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அந்தூர் அண்ணாச்சி.

டீயைக் குடித்துவிட்டு, "அந்த ஊருல காப்பி வாங்கிட்டேன். அவனுக்கு நாக்கு பொத்துப்போச்சு" என்பார். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, "அந்த ஊருல நேரத்துக்கே வந்துட்டேன் சார்" என்றார் உங்களிடம்.

"அப்ப கையெழுத்தையும் அங்கயே போட்டுக்கிடும்" என்றீர்கள்.

பஞ்சு அடைத்தால் மெஷினை நிறுத்தி, பின்னால் கையை விட்டு எடுப்போம். பட்டன் முன்னால். "போடவா?" என்று கத்துவோம். பின்னாலிருந்து "போடு" என்று குரல் வந்தால் அமுக்குவோம். அண்ணாச்சி மட்டும் குரல் வந்த பிறகும் ஒரு சுற்று சுற்றி வருவார். "அந்த ஊருல எவன் கையோ உள்ள இருக்குடே" என்பார். சிரிப்போம். ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது, வேலை தாமதமாகிறது, நீக்குங்கள் என்று நீங்கள் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தீர்கள். திங்கட்கிழமை விசாரணை.

சனிக்கிழமை அவர் மெஷின் அடைத்தது. பஞ்சை எடுத்துவிட்டு முன்னால் வந்து "போடவா?" என்றார். அடுத்த வரிசையில் நின்ற நான், அந்த இரைச்சலில் என் கூட்டாளி என்னைக் கேட்கிறான் என்று நினைத்து, "போடு" என்று கத்தினேன். அண்ணாச்சி வழக்கம்போலச் சுற்றப் போனார். பின்னால் நீங்கள். உள்ளே விழுந்த பேனாவை எடுக்க, முழங்கை வரை விட்டிருந்தீர்கள்.

"கைய எடுங்க சார். அந்த ஊருல நான் போட்டுட்டேன்" என்றார், சாவகாசமாக.

திங்கட்கிழமை மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லி, போடு என்றவன் நான்தான் என்றும் சொன்னேன். மேனேஜர் உங்கள் தாளைக் கிழித்தார். இனி எல்லோரும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார். மில்லே கைதட்டியது. அண்ணாச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். அன்று ரெண்டு ஊருக்கும் சேர்த்து டீயும் காப்பியும் குடித்தார்.

அந்த ஊரில் இருக்கிற எனக்குத் தூக்கம் வருமா என்று தெரியாது. இங்கே நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அது அண்ணாச்சி கொடுத்தது.

சார், அன்று சுற்றி வந்தது யார்? இந்தக் கடிதம் வரும் இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள். வலது கையாலேயே எழுதுங்கள். அந்த ஊரில் உங்களுக்கு அது இல்லை.