மூன்றாவது கொட்டேஷன்

"ரெண்டுதான் இருக்கா டாக்டர்? மூணாவதா ஒண்ணு இல்லையா?"

கேட்டவர் ஒரு பம்ப் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி. துடைப்பம் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுகிறவர். இப்போது அவர் ஒப்பிட வேண்டியிருந்தது மனைவிக்கான மருந்தை. சிறுநீர்ப்பையில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல் வரை போயிருந்தது. முதல் சிகிச்சையாக எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

டாக்டர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். பழைய ஜோடி, இரண்டு கீமோ மருந்துகள். நன்றாகப் பழகியவை, ஆனால் சிறுநீரகம் தெம்பாக இருக்க வேண்டும். புதிய ஜோடியில் ஒன்று புற்றணுவைத் தேடிப்போய் மருந்தை இறக்கும், இன்னொன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். ஆய்வில் புதியதைப் பெற்றவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் இருந்தார்கள். ஆனால் தோல் தடிக்கலாம், விரல் மரத்துப் போகலாம். தன் ஓட்டு புதியதற்கே என்றார்.

"வீட்டுல பேசிட்டு வாங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்ததும் மனைவி, அவர்தான் சொல்லிவிட்டாரே என்றாள்.

"ஒருத்தர் சொன்னா அது கொட்டேஷன். மூணு பேர் சொன்னாத்தான் முடிவு."

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியும் மூணு கொட்டேஷன் வாங்கினீங்களா?"

அவர் வண்டிச் சாவியைத் தேடினார். வாங்கியிருந்தார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது டாக்டரிடம் போனார். அவரும் புதிய ஜோடி என்றார், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். கொள்முதல்காரரின் மூக்கு வியர்த்தது. இரண்டு கம்பெனி ஒரே விலை போட்டால், இரண்டும் எங்கேயோ சேர்ந்து காபி குடித்திருக்கின்றன என்பது அவர் தொழிலில் ஆனா ஆவன்னா. ஊரின் மறுகோடியில் மூன்றாவது டாக்டரைப் பிடித்தார். அவரும் அதையே சொன்னதும் சந்தேகம் தீர்ந்துபோயிற்று.

"மூணு பேரும் பேசி வெச்சிருக்காங்க," என்றார் வீட்டுக்கு வந்து.

தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "மூணு பேரும் ஒரே பாடத்தைப் படிச்சிருக்கலாம்ல?"

டாக்டர்களை நம்ப முடியாத நிலையில் அவரே மதிப்பெண் போட உட்கார்ந்தார். ஆயுளுக்கு இவ்வளவு, வாந்திக்கு இவ்வளவு, முடிக்கு இவ்வளவு. அவள் தையல்காரி என்பதால் விரலுக்கு அள்ளிப் போட்டார். பழைய ஜோடி ஜெயித்தது. ஜெயித்த கையோடு டாக்டரிடம் அவள் சிறுநீரகத்தை மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். முடிவு சுமார்தான் என்று வந்தது. பழைய ஜோடியின் முக்கிய மருந்து அவளுக்கு ஒத்துவராது. பதிலுக்கு வேறொன்று உண்டு, வீரியம் கொஞ்சம் குறைச்சல். டெண்டரை எடுத்தவனையே தகுதியிழப்பு செய்தது போலாயிற்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டார். இந்த முறை இரண்டும் சமமாக வந்து நின்றன.

பத்து நாளாகியும் அவிழாத முடிச்சை அவிழ்க்க மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவன் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவன், எதிலும் தயங்காதவன். வரும்போதே ஒரு பாட்டிலில் பச்சையாக ஏதோ சாறு கொண்டுவந்தான்.

"மூணாவது கொட்டேஷன் வேணும்னு அக்காகிட்ட புலம்புனீங்களாமே மாமா. இந்தாங்க."

பாட்டிலையும் அவனையும் சேர்த்தே வாசலுக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்குள்ளே வளர்கிற கட்டிக்கு டெண்டர் விதிகள் தெரியாது. இவர் ஒப்பிட்டு முடிக்கட்டும் என்று அது காத்திருக்காது. கூட்டோ, சதியோ, மூன்று பேரும் சேர்ந்து இவளைப் பிழைக்கவைக்கச் சதி செய்திருந்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலை அவள் முன்னால் போய் நின்றார்.

"புதுசுதான். விரல் மரத்தா பட்டன் எல்லாம் நான் தைச்சுத் தரேன். நீ இருக்கணும். உடனே கிளம்பு."

அவள் மறுத்தால் சொல்ல ஏழெட்டுக் காரணங்கள் தயாராக வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை. "சரி, வண்டியை எடுங்க," என்றாள். செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் யாருக்காகவும் நிற்கவில்லை. மருந்து ஏற்றுகிற வார்டின் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, தன் மனைவிக்குப் புதிய ஜோடியை இன்றைக்கே, இப்போதே ஆரம்பித்தாக வேண்டும் என்று உறுதியான குரலில் அறிவித்தார்.

நர்ஸ் அவரைத் தாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தபடி நாற்காலியைச் சாய்த்தாள்.

"வாங்கம்மா, ரெண்டாவது டோஸுக்குச் சரியா வந்துட்டீங்க. ஒப்பிட ஏதாவது இருக்கிற வரைக்கும்தான் அவர் உடையாம இருப்பார், அதனால மருந்து ஆரம்பிச்சதை அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னு போன வாரம் சொன்னீங்களே, சார் ஒப்பிட்டு முடிச்சுட்டாரா?"