ஏழாம் நம்பர் பம்பு ஆயிரத்து நானூறு முறை செத்த கதை

விஸ்கான்சின்,
ஜனவரி 9, வெள்ளி

மதிப்பிற்குரிய கார்லா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகன் டைலர் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஏரி உறைந்துவிட்டது, அப்பா பனிக்கட்டியில் துளை போட்டுக்கொண்டு மீனுக்காகத் தவம் இருக்கிறார். டூசான் வெயிலில் நீங்களும் உங்கள் கள்ளிச்செடிகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் நான் போட்ட நான்கு மின்னஞ்சலுக்கும் பதிலாக ஒரு கள்ளிச்செடிப் படம் மட்டும் வந்தது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது, இனி விஷயம்.

இருபத்திரண்டு வருடம் நம் ஊர் சீஸ் ஆலையில் ஒவ்வொரு பழுதுக்கும் வேலைச்சீட்டு போட்டுக் கணினியில் ஏற்றியது நீங்கள். அதே ஆலையில் இப்போது நான் ஆறு மாதத் தற்காலிகப் பொறியாளன். மேனேஜர் கிரெக் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார். எந்த எந்திரம் எப்போதெல்லாம் கெட்டது என்று ஊட்டினால், அடுத்து எப்போது கெடும் என்று அது வரைபடம் போட்டுச் சொல்லும். கிரெக் என்னைக் கூப்பிட்டார். “கார்லா எழுதி வெச்சதெல்லாம் இருக்கு, அப்படியே உள்ள ஏத்து. அடுத்த வியாழக்கிழமை தலைமை ஆபீஸ்காரங்க வர்றாங்க. படம் நல்லா வந்தா உனக்கு வேலை நிரந்தரம். வரலைன்னா, உங்கப்பா பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக்க” என்றார்.

அப்படியே ஏற்றினேன். அப்படியே துப்பியது. கெட்டுப்போவதற்கு இரண்டு நாள் முன்பே சரிசெய்யப்பட்ட எந்திரங்கள் நாற்பத்தொன்று இருக்கின்றன என்றது. நவம்பர் கடைசியில் ஒன்பது நாள், எந்த வருடமும், எந்த எந்திரமும் கெட்டதே இல்லை என்றது. மான் வேட்டைக்கு எல்லாரும் காட்டுக்குப் போயிருந்தார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘போன தடவை மாதிரியே’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, போன தடவை என்ன என்று பார்த்தால் அங்கேயும் ‘போன தடவை மாதிரியே’. பின்னாலேயே போய்ப் போய், ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்து, அந்த வரிசையின் முதல் சீட்டை, 2009-ஆம் வருடத்தது, பிடித்தேன். அதிலும் ‘போன தடவை மாதிரியே’. அத்தை, எந்தப் போன தடவை?

இதையெல்லாம்கூட ஒருவழியாகச் சீர்செய்துவிட்டேன். கடைசியில் படம் வந்தது. ஏழாம் நம்பர் பம்பு ஐந்து வருடத்தில் ஆயிரத்து நானூறு முறை கெட்டிருக்கிறது, முப்பத்தோரு மணி நேரத்துக்கு ஒருமுறை சாகிறது என்றது. கிரெக்குக்கு ஒரே குஷி. “புடிச்சுட்டடா திருடனை! இதைத் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு கேட்டுடலாம்” என்று தோளில் தட்டினார்.

எனக்கு உறுத்தியது. நேரே பம்பு அறைக்குப் போனேன். ஏழு ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் டுவெய்ன் அதன் மேல் தன் சாண்ட்விச்சை வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

“டுவெய்ன், இது எப்ப கடைசியா கெட்டுது?”

“ஏழா? இதுவா? நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து இது ஒரு தும்மல்கூடத் தும்மலடா. ஏன், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“கணக்கு சொல்லுது. ஆயிரத்து நானூறு தடவைன்னு.”

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. “அட படிச்ச முட்டாளே! புதுச் சீட்டு போடணும்னா கிரெக் கையெழுத்து வேணும். அந்த ஆளு கையெழுத்துப் போட மூணு நாள். அதுக்குள்ள பால் தயிராகிடும். ஏழுக்கு எண்ணெய் விடறதுக்குன்னு உங்கத்தை ஒரு சீட்டு திறந்தா பாரு, மூடவே இல்ல. எது உடைஞ்சாலும் அதுல எழுதிடுவோம். காபி மெஷின்கூட அதுலதான். உங்கத்தை தங்கம்டா!”

தங்கம்தான். ஆனால் அத்தை, சீஸ் வெட்டும் கத்தி, கன்வேயர் பெல்ட், பாழாய்ப்போன மூன்றாம் நம்பர் பம்பு, காபி மெஷின், எல்லாவற்றின் பாவமும் ஒரு பாவமும் அறியாத ஏழின் தலையில்! கிரெக்கிடம் சொன்னேன். “கார்லா கணக்குல தப்பா? அவ ஒரு கமாவ மாத்திப் போட்டு நான் பார்த்ததில்ல. நீதான் ஏத்தும்போது ஏதோ சொதப்பியிருக்க” என்கிறார். ஆலையில் ஒழுங்காக ஓடும் ஒரே பம்பை எறிந்துவிட்டு மூன்றாம் நம்பரை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அப்புறம் அது நின்று பால் கெட்டால் பழி எனக்கு, வேலையும் போச்சு.

அந்தச் சீட்டை இன்று காலை நானே மூடிவிட்டேன். இனி வருவதாவது சுத்தமாக வரட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வியாழனுக்குள் கிரெக்குக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் நம்புவார். ஓய்வூதியத்தை யாரும் பிடுங்கிவிட மாட்டார்கள், கேட்டுவிட்டேன்.

உங்கள் முழங்கால் வலி இந்த வருடமாவது குறையட்டும். கள்ளி பூக்கட்டும். ராய் மாமாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த
டைலர்

பின்குறிப்பு: இன்று 16-ஆம் தேதி. தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் வண்டியிலேயே கிடந்தது. நல்லதாயிற்று. மேலே எழுதியது எதையும் கிரெக்கிடம் சொல்லிவிடாதீர்கள். சீட்டை மூடிய நாளிலிருந்து ஆலையில் ஒரு பழுதுகூடப் பதிவாகவில்லை. கையெழுத்துக்கு யார் காத்திருப்பார்கள்? எல்லாவற்றையும் எழுதாமலே சரிசெய்கிறார்கள். ஒரு பழுதாவது கொடு, இல்லாவிட்டால் கணக்குப் போட முடியாது என்று மென்பொருள் கெஞ்சுகிறது. தலைமை ஆபீஸ்காரர்கள் பழுதே இல்லாத அந்தத் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். “பையன் வந்தான், பழுதே நின்னு போச்சு” என்று கிரெக் எல்லார் முன்னாலும் சொன்னார். பழைய படத்தை யாரும் கேட்கவில்லை. புதுப் பம்பு வேண்டாமாம். எனக்கு வேலை நிரந்தரம். நேற்று அவர்கள் கார் கிளம்பிப் பத்து நிமிஷத்தில் ஏழாம் நம்பர் நிஜமாகவே நின்றுவிட்டது. டுவெய்ன் சீட்டுப் போடாமல் சரிசெய்தார். டார்ச் பிடித்தது நான்.