டீத்தூளில் புதைத்த பழக்கிண்ணம்

பெண் பார்க்கப் போகிற ஆண்கள் எல்லாரும் ஏதாவது ஒரு பொய்யோடுதான் போகிறார்கள். என் பொய் மரத்தால் ஆனது.

அப்போது நான் குன்னூர்ப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை பேக்டரியில் சூப்பர்வைசர். பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, மீதி நாள் நாங்கள் ஈ ஓட்டினோம். இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணப் பேச்சு. அருவங்காட்டிலிருந்து பெண்ணின் அப்பா எங்கள் வீடு பார்க்க வந்தார். சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “டீத் தொழிலு படுத்துருச்சுங்களே தம்பி, கைவசம் வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“மரக் கடைசல் தெரியுமுங்க” என்றேன். (முந்தின வாரம் ஊட்டியில் ஒரு கடை வாசலில் லேத்தில் கடைந்த மரக் கிண்ணத்தைப் பார்த்திருந்தேன். மொத்த அனுபவமே அவ்வளவுதான்.)

“அப்படீங்களா! பொண்ணு பாக்க வாறப்ப ஒண்ணு கடைஞ்சு கொண்டாங்க, பாப்போம்.”

பேக்டரிக்குப் பின்னால் மழையில் ஒரு கற்பூர மரம் சாய்ந்து கிடந்தது. (தைல மரத்தையும் இங்கே கற்பூர மரம் என்பார்கள். இது அசல் சூட வாசனை அடிக்கிற ஜாதி.) இலையை நறுக்கும் ரோலருக்குப் பல் தீட்டுகிற பழைய லேத்தில் அதை மாட்டினேன். முதல் கிண்ணம் ஜன்னல் வழியாகப் பறந்து தேயிலைச் செடிக்குள் போனது. இரண்டாவது ஓட்டை விழுந்து வடிகட்டியானது. மூன்றாவதைக் கிண்ணம் என்று சொன்னால் பார்ப்பவர்கள் மறுக்க மாட்டார்கள். அந்தப் பத்து நாளில் என் சட்டை, சோறு, தலையணை எல்லாம் சூடம் மணந்து, எனக்கு மூக்கே செத்துவிட்டது.

ஆனால் மரம் பச்சை. மறுநாளே விளிம்பில் மெல்லிய விரிசல். துவைத்த பனியன் நாலு நாள் கொடியில் தொங்குகிற மழைக்காலத்தில் மரத்தை எங்கே காயவைப்பது? அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. காய்ந்த டீத்தூள் ஈரத்தை இழுக்கும். தூள் கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டிக்குள் கிண்ணத்தை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன். நாலு நாள் கழித்துத் தோண்டினால், விரிசல் அதே இடத்தில் நின்றிருந்தது. சந்தோஷம் தாங்காமல் அதே பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் தூளும் கட்டிக்கொண்டு, அம்மாவோடு அருவங்காட்டுக்குப் போனேன்.

கிண்ணத்தில் ஆரஞ்சும் பிளம்ஸும் அடுக்கியிருந்தோம். பெண்ணின் அப்பா பழத்தை எடுத்து வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பக்கம் பெருவிரலை ஓட்டினார். “முப்பது வருசமா எனக்கு லேத்துதானுங்க சோறு போடுது” என்றார். எனக்கு வியர்த்தது. நல்லவேளையாகப் பெண், சுமதி, தட்டில் டீ கொண்டுவந்தாள். நான் கொண்டுபோன தூளில் போட்டது.

அவள் அப்பா ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். “ஏனுங்க, இது டீங்களா, கோயில் தீர்த்தமுங்களா?”

நானும் குடித்தேன். செத்த மூக்கையும் தாண்டி நாக்குக்கு உறைத்தது, சுத்தமான சூடம். டீத்தூள் எந்த வாசனையையும் உறிஞ்சாமல் விடாது. சலிக்கிற அறை வாசலில் நின்றுகொண்டு, வேலைக்கு வரும் பெண்களிடம் “பூவைக் கழட்டி வெச்சுட்டு வாங்கக்கா” என்று தினமும் அதட்டியவனே நான்தான். அந்தப் பெட்டித் தூள் அன்று காலை மூட்டையாகிவிட்டது. மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்து, கடைசியில் கிடைத்த ஒரே ஒரு வியாபாரிக்கு மத்தியானம் லாரி கிளம்பும். சரக்கு திரும்பி வந்தால் பேக்டரிக்குப் பூட்டு. சத்தியமாகப் பயந்துபோனேன்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். “நான் கெளம்பறனுங்க.”

அம்மா முகம் வெளுத்தது. “ஏனுங்க தம்பி, பொண்ணு புடிக்கலீங்களா?” என்றார் பெண்ணின் அப்பா. சுமதி கதவோரம் நின்று என்னை முறைத்தாள்.

“பொண்ணைப் புடிச்சிருக்குதுங்க, லாரியைப் புடிக்கோணுமுங்க” என்று ஆரம்பித்து, பெட்டி, கிண்ணம், கடைசல் தெரியாதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

“கடைசல் தெரியாதுன்னு கவுத்தப்பவே தெரிஞ்சுது. வாங்க” என்று அவர் ஸ்கூட்டரை உதைத்தார்.

பேக்டரி கேட்டில் லாரியை மறித்தோம். முதலாளி ஒரு மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தார். பிறகு என்னை என்னென்ன சொன்னார் என்பதை, வருங்கால மாமனார் பக்கத்தில் நின்று ஒன்று விடாமல் கேட்டார். அந்த மூட்டைகளை இறக்கிவிட்டு வேறு பெட்டித் தூளை ஏற்றினோம். வியாபாரி தப்பித்தார், பேக்டரியும் தப்பித்தது. திரும்பிப் போனபோது, அருவங்காட்டில் எல்லார் டம்ளரும் நிறைந்தபடியே இருந்தது. சுமதி மட்டும் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதைவிடப் பெரிய சம்மதம் வேண்டுமா என்று அம்மா அன்றைக்கே தட்டை மாற்றிவிட்டாள். கல்யாணத்துக்கு முதலாளி வைத்த மொய், அதே சூட டீ நாலு மூட்டை. பந்தியில் குடித்த சொந்தக்காரர்கள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சுமதி சொல்வாள்:

“அன்னிக்கு எனக்குச் சளி புடிச்சு மூக்கு அடைச்சிருந்துச்சுங்க. இல்லீன்னா கொதிக்கறப்பவே டீயையும் கொட்டியிருப்பேன், இவுங்களையும் அனுப்பியிருப்பேன். ரெண்டாவது டம்ளர்லதான் மூக்குத் தொறந்துச்சு. அதுக்குள்ள தட்டை மாத்திப்போட்டாங்க!”