குட்டைக்கால் நாற்காலிகள்

மார்ச் 4, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. நகராட்சித் தடுப்பூசி நிலையத்துக்கு நாற்காலி வாங்க நான் எழுதிய விவரக்குறிப்பில் ஒரு கால் குட்டை. நாற்காலிகள் காலையிலேயே நிலையத்தில் வந்து இறங்கிவிட்டன. இருபதும் ஆடுகின்றன.

மாலை வகுப்பில் ஆசிரியர் வருவதற்குள் இதை எழுதி முடித்தவன், கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வந்த எழுத்தர். ‘ஒப்பந்தப்புள்ளி’, ‘ஏற்பு ஆய்வு’ என்று வகுப்பில் படித்ததையெல்லாம் மறுநாளே அலுவலகத்தில் உதிர்ப்பதால் அங்கே அவனுக்குப் பெயர் அகராதி. இந்த மாதக் கடைசியில் அவன் வேலை நிரந்தரமாக வேண்டும். இப்போது அதுவும் நாற்காலிகளோடு சேர்ந்து ஆடியது.

தவறு வந்த வழி எளிமையானது. எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லாமல், பொருளை அளவுகளால் மட்டுமே விவரிக்க வேண்டும் என்பது விதி. அகராதி தன் நாற்காலியையே கவிழ்த்துப் போட்டு, காலுக்குக் கால் தனித்தனியாக அளந்து எழுதினான். அதிலேயே உட்கார்ந்து பழகியதில் அது ஆடுவதே அவனுக்கு உறைக்கவில்லை. தலைமை எழுத்தர் கையெழுத்திட்டார். குழு ஒப்புக்கொண்டது. குறைந்த விலை கேட்ட தச்சர் செய்து கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை காலை தலைமை எழுத்தர் முன்னால் போய் நின்றான்.

“மேடம், திருப்பி அனுப்பிடலாமா?”

“என்ன சொல்லி? நீ எழுதினதுல ஒரு மில்லிமீட்டர் பிசகல. திருப்பினா அவர் கோர்ட்டுக்குப் போவார், நீ வீட்டுக்குப் போவே.”

“மத்த மூணு காலையும் கொஞ்சம் வெட்டித் தரச் சொன்னா?”

“காசு குடுத்தா அது புது வேலை. மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கணும். சும்மா செய்யச் சொன்னா, ஒப்பந்தக்காரர்கிட்ட ஓசியில வேலை வாங்கினதா ஆகும். ரெண்டுக்கும் தணிக்கைக்காரங்க வந்து உக்காருவாங்க.”

“அவங்களுக்கும் அந்த நாற்காலியத்தான் போடணும்.”

மேடம் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “மூஞ்சியத் தொங்கப் போடாதே. படிக்காம கையெழுத்துப் போட்டவ நான். மாட்டினா ரெண்டு பேரும் சேர்ந்தே மாட்டுவோம்” என்றார்.

இப்படிப்பட்டவரை மாட்டவிடக் கூடாது என்று அகராதி நேராகத் தச்சர் பட்டறைக்கு நடந்தான்.

“அண்ணே, செய்யும்போது உங்களுக்குச் சந்தேகமே வரலையா?”

“வராம என்ன தம்பி? ஆனா ‘அளவு மாறினால் நிராகரிக்கப்படும்’னு கீழ கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்களே! டாக்டருங்க ஏதோ காரணமாத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சு, அந்தக் குட்டைக் காலத்தான் ரொம்ப பதமா இழைச்சேன்.”

காசுக்கும் வெட்டக் கூடாது, ஓசியிலும் வெட்டக் கூடாது என்று கேட்டதும் தச்சர் கையைப் பிசைந்தார். கடைசியில் தன் சிறு ரம்பத்தை எடுத்து நீட்டினார். “இத இரவலா வச்சுக்க. நான் குடுக்கல, நீ வாங்கல.”

ஆய்வுக்காக அலுவலகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த ஒரு நாற்காலியில் அகராதி வேலையைத் தொடங்கினான். மூன்று கால்களையும் அறுத்தான். ஆட்டம் இடப்பக்கம் போயிற்று. இடக்காலை அறுத்தான். வலப்பக்கம் வந்தது. விடாமல் துரத்தினான். மேடம் எட்டிப் பார்த்தபோது நாற்காலி மணைப்பலகை உயரத்துக்கு வந்திருந்தது.

“இப்ப ஆடலதானே?” என்றார்.

“லேசா ஆடுது மேடம்.”

“ரம்பத்தக் கீழ வை. அதுவும் நகராட்சிச் சொத்து.”

வியாழன் காலை, தடுப்பூசி நிலையம் திறக்கும் முன்பே அகராதி போய்விட்டான். வீட்டில் கிடந்த பழைய ரப்பர் செருப்புகளைத் துண்டு போட்டு, மீதி நாற்காலிகளின் குட்டைக் கால்களுக்கு அடியில் பசை வைத்து ஒட்டினான். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தான். பாறைபோல் நின்றன. நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டான்.

தாய்மார்கள் குழந்தைகளோடு வந்தார்கள். முதல் குழந்தைக்கு ஊசி போட்டார்கள். வீறிட்டது. அடுத்ததும் வீறிட்டது. அழுத குழந்தை ஓயவில்லை, ஓய்ந்திருந்த குழந்தையும் சேர்ந்துகொண்டது. கூடமே அதிர்ந்தது. ஒரு தாய் எழுந்து நாற்காலியைச் சாய்த்து, அடியில் பார்த்தாள். “சிஸ்டர், இங்க வந்து பாருங்க!”

உள்ளேயிருந்து நர்ஸ் வேகமாக வந்தார். “யாரு இதுல செருப்ப ஒட்டினது?”

“நான்தான் சிஸ்டர்… நாற்காலி ஆடுச்சு, அதான்…”

“ஆடுச்சுல்ல? ரெண்டு நாளா ஊசி போட்ட கையோட அம்மாங்க அதுல உக்காந்து ஆட்டி ஆட்டியே பிள்ளைங்கள தூங்க வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. இப்படி யோசிச்சு எழுதின புண்ணியவானுக்கு நன்றி சொல்லி நேத்தே கமிஷனருக்குக் கடுதாசி போட்டாச்சு. அவர் வேலையக் கெடுக்க நீ யாருய்யா?”

மார்ச் 6, வியாழன். நாளைய வேலை: செருப்புத் துண்டுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். மேடத்துக்கும் தச்சர் அண்ணனுக்கும் நேரில் நன்றி சொல்ல வேண்டும்.