நெருப்பில்லாத அடுப்பு

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி. அதில் புகையே இல்லாத மாதிரி இருந்தது. நன்றாக எரியும் அடுப்பு அதிகம் புகையாது என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது. தெரியாதவை வேறு நிறைய இருந்தன. எல்லாவற்றையும் ஒரே காலையில், ஒரு மேனேஜரின் முன்னால் கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளில், எண்ணெய் விலை ஏறி எல்லோரும் எரிபொருளைப் பற்றிக் கவலைப்பட்ட சமயம். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பிப் புகையை அளந்து சொன்னது. அந்த ஆள் நான். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஊர், வயது இருபத்திரண்டு, வேதியியல் பட்டம். கையில் கண்ணாடிக் குழாய்கள் வைத்த ஒரு மரப்பெட்டி. புகையில் கார்பன் டை ஆக்ஸைடு எத்தனை சதவீதம் என்று அது காட்டும். பத்துக்கு மேல் என்றால் விறகு ஒழுங்காக எரிகிறது. ஐந்துக்குக் கீழே என்றால் பாதிச் சூடு வீணாக வானத்துக்குப் போகிறது. (இந்த வாக்கியங்களைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன்.)

எஸ்டேட் மூணாறிலிருந்து வட்டவடை போகும் வழியில் இருந்தது. விடாத மழை. மேனேஜர் மலையாளி, குரலை உயர்த்தாதவர்.

"அஞ்சுக்குத் தாழெ வந்தால் இவன் நாளை முதல் களை பறிக்கப் போகும்" என்றார், அடுப்பு எரிக்கும் பரமசிவத்தைக் காட்டி. பரமசிவம் விறகுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பெட்டியைப் பார்த்தார்.

அடுப்பிலிருந்து ஒரு பெரிய தகரக் குழாய் கிளம்பியது. அதில் துணி அடைத்த ஓட்டை ஒன்று தயாராக இருந்தது. யாரோ எனக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, துணியை எடுத்துவிட்டு ரப்பர் குழாயைச் சொருகினேன்.

"அதுல வேண்டாம் சார்."

"ஏன்?"

பரமசிவம் மேனேஜரைப் பார்த்தார். "சும்மாத்தான் சார்."

குற்ற உணர்ச்சி என்று முடிவு கட்டினேன். அளந்தேன். பெட்டிக்குள், சதவீதம் காட்டும் திரவம் அசையவில்லை. மூன்று முறை அளந்தேன். நோட்டில் பூஜ்யம் எழுதினேன். எழுதும்போது நெற்றி வியர்வை சொட்டி அந்தப் பூஜ்யமும் கலைந்தது.

"பூஜ்யமோ? அப்போ என்ன அர்த்தம்?" என்றார் மேனேஜர்.

"இந்த அடுப்பில் எதுவும் எரியவில்லை" என்றேன். "கருவி பொய் சொல்லாது."

பரமசிவம் அடுப்புக் கதவைத் திறந்தார். என் இடது புருவத்தில் பாதி அப்போது போயிற்று.

"அப்ப இது என்னங்க சார், செம்பருத்திப் பூவா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. என் நோட்டைக் கேட்டு வாங்கினார். நான் கொடுத்த அந்த நேரத்தில் பரமசிவத்தின் மனைவி, கொழுந்து பறிக்கும் வேலம்மா, தண்ணீர் சொட்டும் கம்பளியோடு பின்கதவு வழியாக வந்தார். தூணின் மறைவில் நின்ற மேனேஜரைக் கவனிக்கவில்லை.

"எவன்யா இதுல குழாயச் சொருகுனது? கம்பளிய நான் எங்கிட்டுக் காயப்போட?"

என் ரப்பர் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்பளியை ஓட்டைக்கு நேராகப் பிடித்தார். அது காற்றில் உப்பியது. அது புகைக்குழாய் இல்லை; தேயிலை உலர்த்தச் சூடான காற்றை மட்டும் கொண்டுபோகும் குழாய்.

"எத்தனை நாளாயி இது?" என்றார் மேனேஜர், தூணுக்குப் பின்னாலிருந்து.

வேலம்மா திரும்பினார். கம்பளியை இறக்கவில்லை. "மழ வந்ததுல இருந்து, தொர. ஈரத்தோட எத்தன நாளு கொழுந்து பறிக்க?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ இத்தனை நேரம் எதை அளந்தாய்?"

"காற்றை, சார்."

புகைபோக்கியின் அடியில், பரமசிவம் காட்டிய இடத்தில் மறுபடி அளந்தேன். பதினொன்றரை. மேனேஜர் அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஓட்டையை அடைக்கணும்" என்றார். வாசல் வரை போய் நின்று, "மழை நின்ன பிறகு அடைச்சால் மதி, அது போதும்" என்றார்.

கம்பெனி என்னைக் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்கு மாற்றியது. கல்யாணமான முதல் மாதம் இதை மனைவியிடம் சொன்னது என் இரண்டாவது தவறு. இன்றும் நான் சமையலறைப் பக்கம் போனால், "ஏனுங்க, நெருப்பு இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்பாள். மகளும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மருமகன் வாய்விட்டுச் சொல்வதில்லை, என் புருவத்தைப் பார்ப்பதோடு சரி.

பரமசிவம் அந்த அடுப்பை இன்னும் பதினோரு வருடம் எரித்தார்.