கிள்ளானுக்குப் போய்த் திரும்பிய காய்கறிக் கூடை

பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ்
யுவ வருடம், ஆவணி 12

கிள்ளான் பாசாருக்குப் பின்புறம் குடியிருக்கும் மகாராஜராஜஸ்ரீ வேலாயுதம் அவர்கள் தேவியார் பவுனம்மாள் அவர்களுக்கு, பெண்ணின் அப்பாயி வீரம்மாள் கைப்பட எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்களும் எங்கள் பசுமாடும் சுகம். அவ்விடத்துச் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்றுச் சாயந்திர ரயிலில் உங்கள் கோபம் கூடையோடு வந்து சேர்ந்துவிட்டபடியால், தாங்கள் சுகமாய் இல்லை என்பது கேட்காமலே தெரிந்துவிட்டது.

சம்பந்தியம்மா என்று எழுதத்தான் கை போகிறது. முந்தாநாள் வரைக்கும் அப்படி எழுத எனக்குப் பாதி உரிமை இருந்தது. ஆவணி இருபத்தெட்டில் நிச்சயதார்த்தம் ஆனால் மீதிப் பாதியும் வந்துவிடும் என்று இருந்தேன். இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரியாததால், அம்மா என்று மட்டும் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். என் மகன் இராமலிங்கம், "நானே கிள்ளானுக்குப் போயி அவங்க கால்லே விழுந்துட்டு வரேன் ஆத்தா" என்றான். "கால்லே விழறதுக்கு லீவு வேணும்னு கேட்டா எந்தத் தொரை குடுப்பான்? நீ போயி சிக்னலைப் பாரு. நான் காயிதத்துலேயே விழுந்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். கடிதம் எழுத ஆள் தேடிப் போகிற குடும்பம் இல்லை என்பதையும் இந்தச் சமயத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் காலையில் இரண்டு கூடை கட்டினேன். ஒன்று தங்களுக்கு. மற்றொன்று அதே கிள்ளானில் இருக்கும் என் தங்கை மாரியாயிக்கு. அவளுக்குச் சர்க்கரை வியாதி, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பாகற்காய் சாப்பிடச் சொல்லியிருக்கிறார், ஆகையால் அவள் கூடையில் பன்னிரண்டு பாகற்காயும் மேலே முருங்கைக்கீரையும் வைத்தேன். தங்கள் கூடையில் நல்ல காய்களாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். இரண்டுக்கும் வாயைத் துணியால் மூடிக் கட்டி, ரயிலில் சாமான் ஏற்றி இறக்கும் பக்கிரிசாமியிடம் கொடுத்தேன். நேற்று அதே பக்கிரிசாமி தங்கள் கூடையைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தாங்கள் சொல்லியனுப்பியதை ஓர் எழுத்துக்கூட விடாமல் சொன்னான். "எங்க வீட்டுலே எழவு ஒண்ணும் விழலே, இதை அங்கேயே வச்சு ஆக்கித் திங்கச் சொல்லு." துணியை அவிழ்த்துப் பார்த்தால், நான் வைத்த காய்க்கெல்லாம் மேலே ஏழு பாகற்காய், பல்லிளித்துக்கொண்டு படுத்திருக்கின்றன.

என் மருமகள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுததில் அடுப்பில் இருந்த ரசம் பொங்கி நெருப்பு அணைந்து, வீடெல்லாம் புகை மூடி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் தீப்பற்றிக்கொண்டது என்று ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, புகையில் ஆள் தெரியாமல் இராமலிங்கத்தின் மேல் ஊற்றிவிட்டுப் போனார். நான் அழவில்லை. திவசத்துக்கு ஆக்குகிற காயை நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறவளுக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் மட்டுமல்ல, சுமத்திராவில்கூடச் சம்பந்தம் கிடைக்காது. அது எனக்குத் தெரியாதா? அறுபத்தோரு வயசில் நான் அதைச் செய்வேனா? ஆகையால் இதில் பிறத்தியார் கை இருக்கிறது என்று அப்போதே முடிவு செய்து, முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கிரிசாமியைத் தேடி ஸ்டேஷனுக்கே போய்விட்டேன்.

"ஏண்டா, வழியிலே கூடை கவுந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லேக்கா. பதினெட்டு வருசமா ஏத்தி எறக்குறேன். கோழி ஏத்தியிருக்கேன், வாத்து ஏத்தியிருக்கேன், ஒருத்தர் கோழி இன்னொருத்தருக்குப் போனதில்லே."

"கோழி கத்தும். பாகற்காய் கத்துமா? பத்து தீகா ஸ்டேஷன்கிட்டே வண்டி ஆடுமில்லே?"

"வண்டி ஆடுனா கூடையும் ஆடும்."

"ஆடுச்சா, கவுந்துச்சா?"

அவன் அடுத்த மூட்டையைத் தூக்கினான். எட்டரை வண்டிக்குச் சாமான் ஏற்ற வேண்டும், நான் வண்டிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன். கடைசியில், "நீங்க கவுந்துச்சுன்னு சொன்னா கவுந்துச்சு, வழி விடுங்கக்கா" என்று ஒப்புக்கொண்டான். ஆகவே அம்மா, விஷயம் இவ்வளவுதான். பத்து தீகா அருகில் இரண்டு கூடையும் கவிழ்ந்திருக்கின்றன. அவன் இருட்டு வண்டிக்குள் அள்ளிப் போட்டபோது மாரியாயியின் பன்னிரண்டில் ஏழு தங்கள் கூடைக்கு வந்துவிட்டது. பாவம், அவளுக்கு ஐந்துதான் போய்ச் சேர்ந்திருக்கும். குற்றம் முழுவதும் பக்கிரிசாமியுடையது. அவன் நல்லவன்தான், ஆனால் பொய் சொல்லும்போது காது துடிக்கிறது, நானே பார்த்தேன்.

அந்த ஏழு பாகற்காயையும் எடுத்துவிட்டு அதே கூடையைக் கடிதத்தோடு மறுபடி அனுப்புகிறேன், மிச்சத்தைப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அதில் இருப்பவை எல்லாம் என் கையால் விதைத்து, என் மாட்டுச் சாணம் போட்டு, ரயில் புகை படாமல் நான் சாக்குக் கட்டி வளர்த்தவை. மனசில் கெடுதல் வைத்திருக்கிறவள் அப்படிப்பட்ட கத்தரிக்காயை அனுப்புவாளா? அவை ஆறும் தங்கள் வீட்டுக்காரருக்கு. பெண் பார்க்க வந்தபோது அவர் முறுக்கை எடுத்து, பார்த்து, திரும்பத் தட்டிலேயே வைத்ததைக் கவனித்தேன். பல் வலி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கத்தரிக்காயில் எண்ணெய் தடவி அடுப்புக் கரி நெருப்பில் புரட்டிப் புரட்டிச் சுடுங்கள். தோல் கருகி, அமுக்கினால் விரல் உள்ளே போக வேண்டும். தோலை உரித்து, உப்பு, புளி கொஞ்சம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் கையாலேயே பிசைந்தால் போதும், தாளிக்கக்கூட வேண்டாம். பல்லுக்கு வேலையே இல்லை, சோறு தானே உள்ளே போய்விடும்.

வெண்டைக்காய் எல்லாம் பிஞ்சு. நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் எடுத்தேன், அதனால்தான் சிலவற்றுக்கு மூக்கு இல்லை, பழசு என்று எண்ண வேண்டாம். அதை நறுக்கவே நறுக்காதீர்கள். காம்பை மட்டும் கிள்ளிவிட்டு முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, கடைசியில் உப்புப் போடுங்கள். கத்தி பட்டால்தான் அது வழவழக்கும். என் மருமகள் கல்யாணமான புதிதில் வெண்டைக்காயைப் பொடிப்பொடியாக நறுக்கித் தண்ணீர் விட்டு வேகவைத்தாள். அன்றைக்கு இராமலிங்கம் கரண்டியைத் தூக்கினால் பாத்திரமே கூட வந்தது. இன்றைக்கு அவள் கைப்பக்குவமே வேறு.

பயற்றங்காய் ஒரு கட்டு இருக்கிறது. அதில் பாதியைச் சமைக்காமல் வையுங்கள். எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா இருக்கிறார், அவர் பயற்றங்காயைப் பச்சையாகவே ஒடித்து, சுட்ட பெலாச்சான் என்கிற இறால் விழுதும் மிளகாயும் இடித்த சம்பலில் தொட்டுச் சாப்பிடுவார். முதலில் பார்த்தபோது, "இதென்ன, நாம என்ன ஆடா" என்று சிரித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சிரிப்புப் புரிந்துவிட்டது. வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டினார். நான் மரியாதைக்கு ஒன்று எடுத்தேன். தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். கங்கோங் கீரையும் அப்படித்தான், சீனர்கள் பன்றிக்குப் போடுகிற கீரை என்று இருபது வருஷம் அதைத் தொடாமல் வீணாக்கினேன். சட்டியைப் புகைய வைத்து, எண்ணெயும் நசுக்கிய பூண்டும் போட்டு, கீரையைப் போட்டுப் பத்து எண்ணுவதற்குள் இறக்குங்கள். பதினொன்று எண்ணினால் அது கீரை இல்லை, பாசி.

பூசணிக் கீற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தோலோடு ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் கொஞ்சம் வெல்லமும் தூவினால் குழந்தைகள் பலகாரம் என்று நினைத்துத் தின்றுவிடும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், என் பேத்தி தங்கமணி இவ்வளவையும் செய்வாள். ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்திருக்கிறாள், என்னைவிட இரண்டு வகுப்பு கூட. காய் வாடுவதற்கு முன்னால் அதற்கு ஒரு வழி பண்ணிவிடுவாள், எதையும் எறிய மாட்டாள், ஆள் முகத்தைப் பார்த்தே யாருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். நேற்று அழுகையும் புகையுமாக இருந்தபோது அவள் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்கத்தில் குறுகிப்போய் ஒரு மூலையில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தது குழந்தை. ஒரு போர்ட்டரின் கவனக்குறைவுக்காக அவள் கல்யாணம் நிற்கலாமா? தங்கள் மகன் கார்த்திகேசுவைப் போல் ஒரு மாப்பிள்ளைக்கு நான் எங்கே போவேன்? புரட்டாசி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது. இருபத்தெட்டைத் தள்ளினால் ஊர் வாய் சும்மா இருக்காது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவர் தும்மினால் செந்தூலில் கஷாயம் போடுகிறார்கள். தாங்கள் மனசு இரங்கி, தவறைப் பக்கிரிசாமி தலையிலேயே இறக்கிவைத்துவிட்டு, வாருங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கள் வீட்டில் பாலும் சோறும் என்றைக்கும் பொங்க வேண்டும், தங்கள் மகனும் மகளும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், பத்துமலை முருகன் துணை. தங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, வலிக்கிற பல்லில் ஒரு கிராம்பையும் வைக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
வீரம்மாள்

பின்குறிப்பு: ஆவணி 13. உறையை ஒட்டப் போகும் சமயம் மாரியாயியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. "அக்கா, பன்னிரண்டு பாகற்காயும் வந்தது, நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டும் அங்கே இருந்தால் இந்த ஏழு எங்கிருந்து வந்தது? நான் இரண்டு தடவை படித்தேன், பிறகு உரக்கப் படித்தேன். மருமகள் மேலே பார்த்தாள், இராமலிங்கம் கீழே பார்த்தான். தங்கமணி மட்டும், "நான்தான் அப்பாயி கொல்லையிலே பறிச்சு வச்சேன்" என்றாள்.

"எதுக்குடி?"

"அவருக்குப் புடிக்கும்."

"உனக்கு யாரு சொன்னது?"

பெண் பார்க்க வந்த அன்று தங்கள் மகள் அடுப்படியில் இவளோடு உட்கார்ந்திருந்தது அல்லவா, அந்தக் குழந்தை சொல்லியிருக்கிறது. அண்ணனுக்குப் பாகற்காய் வறுவல் என்றால் உயிராம். அம்மா அதை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்களாம். ஆகவே அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் பாசார் சாப்பாட்டுக் கடையில் ஒரு தட்டு முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பசியில்லை என்று படுத்துக்கொள்வாராம். நான் தங்கமணியைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். தாலி ஏறுவதற்கு முன்னாலேயே ஒருத்தன் வெள்ளிக்கிழமை ஏன் பசியில்லாமல் படுக்கிறான் என்று தெரிந்துகொண்ட பெண்ணை எப்படித் திட்டுவது? பெற்ற தாய்க்குத் தெரியாததைச் சொல்லிவிட்டேன் என்று என்மேல் வருத்தம் வேண்டாம், மாப்பிள்ளையையும் கோபிக்க வேண்டாம்.

ஆகவே மேலே பக்கிரிசாமியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், காதையும் சேர்த்து. நான் இப்போது ஸ்டேஷனுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எட்டரை வண்டி போன பிறகு போகிறேன்.

எடுத்து வைத்த ஏழையும் மறுபடி கூடையிலேயே வைத்துவிட்டேன். வறுவலுக்கு: மெல்லிய வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி அரை மணி நேரம் வைத்து, கெட்டியாகப் பிழிந்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு சிறு தீயில் மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டுவிடுங்கள். கசப்பு முழுவதும் போகாது, போகவும் கூடாது. இந்த வெள்ளிக்கிழமை செய்து வைத்துவிட்டு, பசிக்கிறதா என்று அவரைக் கேளுங்கள். பசிக்கிறது என்று சொன்னால், சம்பந்தியம்மா, இருபத்தெட்டாம் தேதி காலை வண்டியில் நாங்கள் பதினோரு பேர் வருகிறோம், இந்தத் தடவை கூடையில் என்ன கொண்டுவருவது என்று மாப்பிள்ளையையே கேட்டு எழுதுங்கள்.